மெடிசின் கிடைக்காவிட்டாலும் இந்த ஆராய்ச்சிக்கு வழி இருக்கிறது

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகள் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறா. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களை ஆராயப் போவதாகச் சொல்கிறா. "நோயாளியைப் பார்க்காமல் ஆய்வுகூடத்துக்குள் இருந்து என்ன பயன்? மெடிசின் கிடைக்காவிட்டால் பிள்ளை உடைந்து போவாளே" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் இளைய மகளுக்குத் தரம் 6இல் பள்ளிக்கூடத்தில் ஓர் ஊசி போட்டிருப்பார்கள். 2017இல் இருந்து இலங்கையில் போடப்படும் எச்.பி.வி (மனிதப் பப்பிலோமா வைரஸ்) தடுப்பூசி அது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் வேறொரு வைரஸ் என்று பலரும் நம்பியிருந்த 1970களில், இல்லை, எச்.பி.விதான் என்று ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் சொன்னார். எளிதில் யாரும் ஏற்கவில்லை. 1983இல் அந்த வைரஸின் 16ஆம் வகையையும் அடுத்த வருடம் 18ஆம் வகையையும் அவருடைய குழு புற்றுநோய்த் திசுக்களில் கண்டுபிடித்தது. இந்த நோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்கு இந்த இரண்டு வகைகள்தான் காரணம். 2006இல் தடுப்பூசி வந்தது, 2008இல் அவருக்கு நோபல் பரிசு. ஒரு டொக்டர் ஆயுள் முழுக்கப் பார்த்தாலும் இத்தனை பிள்ளைகளை எட்ட முடியாது.

இனி வழிகளுக்கு வருவோம். மெடிசின் கிடைத்தால் எம்.பி.பி.எஸ் 5 வருடம், உள்ளகப் பயிற்சி 1 வருடம். பெண்நோயியலில் எம்.டி செய்து, அதற்குள் புற்றுநோய்ப் பக்கம் போகும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும். இது நோயாளியையும் பார்த்து ஆய்வும் செய்யும் வழி.

மெடிசின் அனுமதிக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். யாழ். பல்கலைக்கழகத்திலேயே அந்தக் கற்கைநெறி இருக்கிறது. திசுவை வெட்டி, நிறமூட்டி, உயிரணுவைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குப் பின்பு மூலக்கூற்று உயிரியலில் முதுகலையும் பி.எச்.டியும் செய்வது இயல்பாக வரும். சூலகப் புற்றுநோய்களில் பல, சூலகத்தில் அல்ல, சூலகத்தில் இருந்து கருப்பைக்கு முட்டை போகும் பலோப்பியன் குழாயின் நுனியில் தொடங்குகின்றன என்பதே திசுக்களைப் பொறுமையாகப் பார்த்ததால் தெரிய வந்ததுதான். மெடிசினுக்காக மூன்றாம் தடவையும் எழுத வைப்பதை விட இந்த வழியை நான் விரும்புவேன். வெளிநாட்டுப் பி.எச்.டி இடங்கள் பலவற்றில் மாத உதவித்தொகையும் உண்டு. ஆனால் முதல் வருடத்தில் இருந்தே புள்ளிகள் நன்றாக இருக்க வேண்டும். புள்ளிவிபரவியலும் ஆங்கிலமும் கைவர வேண்டும். பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் அவற்றைத் தொடங்கட்டும்.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கிளினிக் வைத்திருப்பவரின் வருமானம் இதில் வராது. நிதி கிடைக்கத் தாமதமாகும். மூன்று வருடம் செய்த ஆய்வு ஒன்றுமில்லாமலும் போகும். அதைத் தாங்குவாளா என்று மகளிடமே கேளுங்கள்.

"பொம்பிளைப் பிள்ளை ஏன் இந்த நோயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்றும் எழுதியிருந்தீர்கள். என் பெரியம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருடங்களுக்குப் பிறகு இரத்தம் படத் தொடங்கியது. வெட்கத்தில் எட்டு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது கருப்பைப் புற்றுநோய் பரவிவிட்டது. எங்கள் பெண்கள் எதை மறைப்பார்கள், எந்தச் சொல்லில் கேட்டால் வாய் திறப்பார்கள் என்பதை வெளியூர் ஆய்வாளருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? ஆய்வுக்குச் சம்மதம் வாங்கும் படிவம்கூட அந்தப் பெண்ணுக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான டொக்டர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. உங்கள் மகள் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவள் என்று மனதாரச் சொல்கிறேன்.

பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியோடு இருவரும் வாருங்கள். விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறியை எத்தனையாவதாகப் போடுவது என்று சேர்ந்திருந்து எழுதுவோம். உங்களுக்கு 45 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். 35, 45 வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துச் சோதனை அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாள் கேட்டு, வருவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.