கோன் பென்குயினும் கொட்டாங்குச்சி காட்டெருமையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் ஐந்து வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன். அரையாண்டு லீவு விட்டதிலிருந்து பென்குயின் செய்யணும் என்று ஒரே பிடிவாதம். வீடியோவில் பார்த்தால் கலர் கம்பளிக் குச்சி, ஆடுகிற கண், மினுமினுப் பொடி என்று வாங்க வேண்டிய பட்டியலே நீளமாக இருக்கிறது. வீட்டில் இருப்பதை வைத்து முடியாதா? (வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: தாராளமாக முடியும், அதுவும் அம்மாபேட்டையில் இருந்துகொண்டு நீங்கள் கடைக்கே போக வேண்டாம். பக்கத்தில் தறி ஓடுகிற வீட்டில் கேளுங்கள், நூல் தீர்ந்த காலி அட்டைக் கோன் கிடைக்கும். மேலே குறுகி, அடியில் அகன்று, தொட்டாலும் சாயாமல் நிற்கும், பென்குயினுக்கு இதைவிட நல்ல உடம்பு அமையாது. மேல் ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கிச் செருகினால் தலை. கறுப்பு பெயின்ட் அடிக்கும் வேலையைச் சின்னவனிடம் கொடுத்துவிடுங்கள், பிரஷ் வேண்டாம், விரலாலேயே பூசட்டும். பழைய கல்யாணப் பத்திரிகையில் அலகு, பாதம், இரண்டு சிறகு வெட்டுவது பெரியவள் வேலை, முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். வயிற்றுக்குப் பஞ்சு.

அந்தப் பஞ்சை முழுக்க ஒட்டிவிடாதீர்கள், அடிப்பக்கம் கொஞ்சம் தொங்கட்டும். ஏனென்றால் எம்பரர் பென்குயினில் முட்டையை அடைகாப்பது அப்பாதான். அன்டார்டிகாவின் கடுங்குளிரில், முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, இரண்டு மாதத்துக்கும் மேல் சாப்பிடாமல் நிற்கும். கோதுமை மாவைப் பிசைந்து ஒரு முட்டை உருட்டி, அந்தப் பஞ்சுக்கு அடியில் பாதத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள், சின்னவன் நாள் முழுக்க அதை எடுத்துப் பார்த்துப் பார்த்து வைப்பான். இன்னொன்றும் சொல்லிக் கொடுங்கள்: நமக்கு மார்கழி என்றால் அங்கே கோடை, நம் ஊரில் அக்னி வெயில் முடிகிற சமயத்தில்தான் அங்கே குளிர்காலம் பிடிக்கிறது.

கேள்வி: பென்குயினையும் பனிக்கரடியையும் ஒரே சார்ட்டில் ஒட்டலாமா? பனிக்கு தெர்மாகோல் உருண்டை வாங்கட்டுமா? (வாசகர், கொண்டலாம்பட்டி)

பதில்: ஒரே சார்ட் வேண்டாமே. கரடி வட துருவத்துப் பக்கம், பென்குயின் தென்பாதி உலகம், காட்டில் இரண்டும் சந்திப்பதே இல்லை. சார்ட்டை இரண்டாக வெட்டி, ஒன்றைச் சுவரில் மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டிவிட்டால் பிள்ளைக்குத் தானாகப் புரியும்.

தெர்மாகோல் உருண்டை வேண்டவே வேண்டாம், தரையெல்லாம் பறந்து கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும். நம்ம ஊரில் ஜவ்வரிசிக்கா பஞ்சம்? தரையில் கிடக்கும் பனிக்கு மாவு ஜவ்வரிசி, அது நல்ல வெள்ளை. கரடியின் உடம்புக்கு மட்டும் நைலான் ஜவ்வரிசி வாங்குங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. பனிக்கரடியின் தோல் கறுப்பு, முடிக்கு நிறமே கிடையாது, ஒளி சிதறுவதால்தான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. நைலான் ஜவ்வரிசியும் ஒரு மணியை வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், குவித்தால் வெளுத்துத் தெரியும். கறுப்பு அட்டையில் கரடியை வரைந்து வெட்டி, பசை தடவி, பிள்ளையை அள்ளித் தூவச் சொல்லுங்கள், கண்ணும் மூக்கும் இருக்கும் இடத்தில் மட்டும் பசை தடவாமல் விட்டால் அடியில் இருக்கும் கறுப்பே தெரியும். மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் ஜவ்வரிசியை எடுத்து வைத்துவிட்டுக் கிழித்த காகிதம் கொடுங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது, கண் இமைக்கிற நேரம் போதும்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம் அக்கா. இந்தப் பனியில் எதை ஒட்டினாலும் காய மாட்டேன் என்கிறது, நாலு நாளில் பூஞ்சை பிடிக்கிறது. பசையில் மயில்துத்தம் போடச் சொல்கிறார் மாமனார். போடலாமா? அப்புறம், நம்ம மலை மிருகம் ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, ஏற்காடு)

பதில்: மயில்துத்தம் கூடவே கூடாதும்மா. மாமனார் சொல்வது சுவரொட்டிக்கும் புத்தகம் பைண்டிங்குக்கும் காய்ச்சுகிற பசை, அதற்குப் போடுவார்கள்தான், ஆனால் அது விஷம், கையை வாயில் வைக்கும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கொண்டுவரவே வேண்டாம். பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். ஜவ்வரிசியைப் பொடித்து, ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் போட்டு, சேலைக்குக் கஞ்சி காய்ச்சுவதைவிடக் கெட்டியாகக் கிண்டி இறக்குங்கள். அன்றன்றைக்குக் காய்ச்சி அன்றே தீர்த்துவிட வேண்டும். ஒட்டும்போது மெல்லிசாகத் தடவுங்கள், மொத்தையாக அப்பினால்தான் பூஞ்சை. பகலில் வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் ஜன்னலோரம் வையுங்கள், சாயங்காலம் பனி இறங்குவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள்.

மலை மிருகம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது காட்டெருமைதான். காப்பித் தோட்டத்துப் பக்கம் இறங்கி வருகிறதே, தூரத்திலிருந்து உங்கள் பிள்ளையே பார்த்திருக்கும். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தால் அந்தத் திமில் ஏறிய முதுகு வந்துவிடும், சிரட்டை மேல் இருக்கும் நாரைச் சுரண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நாலு குச்சியைக் களிமண்ணால் உள்ளே பதித்துக் கால் வையுங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளை அடிக்க மறக்காதீர்கள், காட்டெருமைக்கு அதுதான் அடையாளம், நம் வீட்டு எருமைக்கு அது கிடையாது. நிற்க வைக்கும் இடத்துக்கு உதிர்ந்த சில்வர் ஓக் இலை பொறுக்கி வரச் சொல்லுங்கள். அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுமே, அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி பரப்பினால் காலைப் பனி இறங்கிய தோட்டம் அப்படியே வந்துவிடும்.

கேள்வி: என் மகள் பென்குயினுக்கு மூன்று கண் வைத்துவிட்டாள். அவள் தூங்கியதும் சரி செய்துவிடட்டுமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: கையே வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் அந்தக் கண்ணைத்தான் முதலில் தேடுவாள். மூன்றாவது கண் எதற்கு என்று அவளிடமே கேளுங்கள், கட்டாயம் ஒரு காரணம் வைத்திருப்பாள்.

கேள்வி: செய்து வைத்த பொம்மைக்கு எறும்பு வருகிறது, என்ன செய்வது? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: மாவுப் பசையும் ஜவ்வரிசியும் இருந்தால் வரத்தான் செய்யும். பூச்சி உருண்டையோ கற்பூரமோ பக்கத்தில் வைக்காதீர்கள், பிள்ளை மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும். பொங்கல் வரை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். அப்புறம் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பிள்ளையிடம் சொல்லிவிட்டே பிரித்து எடுங்கள். கோனும் கொட்டாங்குச்சியும் அடுத்த லீவுக்கு ஆகும்.