வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்க்கலாமா? தினமும் என்ன சிரமம் இருக்கும்?

வளர்க்கலாம். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது, முட்டைக்காக மட்டும்தான், வேலைக்கும் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் கேட்பது தீனிச் செலவு. ஏழெட்டு கோழிக்கு அது பெரிய விஷயமே இல்லை. கம்பு, குருணை, உடைத்த மக்காச்சோளம், மிஞ்சின சோறு, கீரைத்தண்டு, இவை போக மீதியை மண்ணைக் கிளறி அதுவே தேடிக்கொள்ளும். முட்டை வைக்கும் பெட்டைக்குக் கொஞ்சம் கிளிஞ்சல் தூள் கலந்து வைத்தால் ஓடு மெலியாது. வெயில் காலத்தில் நிழலில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். தீனி விஷயம் அவ்வளவுதான்.

உண்மையான வேலை சாயங்காலத்தில்தான் இருக்கிறது. இருட்டுவதற்குள் எண்ணிப் பார்த்து அடைத்தாக வேண்டும், ஒரு நாள் கூட விட முடியாது. நாட்டுக்கோழி தானாகவே கூட்டுக்கு வந்துவிடும் என்பது சரிதான், ஆனால் கதவைச் சாத்த ஆள் வேண்டுமே. ஊருக்குக் கல்யாணம், காதுகுத்து என்று போனால் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக முடியும், அந்த ஆள் யார் என்று கோழி வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கீரி பகலிலேயே வரும், காட்டுப்பூனையும் மரநாயும் ராத்திரியில். குஞ்சு இருந்தால் காக்காயும் பருந்தும் வேறு. கடையில் கோழிவலை என்று விற்கும் மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், தெருநாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டியான கம்பி வலை) வாங்கி, அடிப்பக்கம் ஒரு அடி மண்ணுக்குள் இறக்கிக் கட்டுங்கள். செலவு கூடும்தான், ஆனால் இந்த இடத்தில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். சிந்திய தீனியை ராத்திரிக்கு அப்படியே விட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

அடுத்தது வெள்ளைக்கழிச்சல். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆசையாக ஆரம்பித்தவர்கள் பாதிப் பேர் விட்டுப்போவது இதனால்தான். காலையில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு இறக்கையைத் தளரவிட்டு ஓரமாக நிற்கும், எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீராகப் போகும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், சிலது கழுத்து திருகிப்போகும். இது வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது, சில நாளில் கூடே காலியாகிவிடும். மஞ்சளும் சீரகமும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பார்கள், கொடுங்கள், ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடாதீர்கள். குஞ்சுக்கு 7 நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா என்ற தடுப்பு மருந்து, 8 வாரம் ஆனதும் இறக்கைக்கு அடியில் ஊசி. நோய் கண்ட கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை, நல்லா இருக்கும்போதே போட வேண்டும்.

இதில் நம்மைப் போல் சின்ன அளவில் வளர்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. லசோட்டா பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியாகத்தான் கிடைக்கும், கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்கில் இருக்க வேண்டும். தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டைச் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போடுவதுதான் வழி. பக்கத்து வீட்டுக் கோழிக்கும் போட்டால்தான் நம் கோழிக்கும் பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாக பிப்ரவரி வாக்கில் ஊர் ஊராகக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கூட்டத்தோடு சேர்க்கவே கூடாது, இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். செத்ததை வாய்க்காலிலோ குப்பையிலோ வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள்.

முட்டை பற்றி ஒன்று. நாட்டுப்பெட்டை தொடர்ந்து முட்டை வைத்துக்கொண்டே இருக்காது. பத்துப் பன்னிரண்டு வைத்துவிட்டு அடைக்கு உட்காரும், அப்புறம் முட்டை நிற்கும். குஞ்சு வேண்டுமென்றால் கூடையில் மணல் பரப்பி, எங்கள் பக்கம் செய்வது போல் ஒரு கரித்துண்டும் வரமிளகாயும் போட்டு, பத்து முட்டைக்கு மேல் போகாமல் வையுங்கள். 21 நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் ராத்திரி முட்டையை எடுத்து செல்போன் டார்ச்சில் காட்டினால் நரம்பு ஓடியிருப்பது சிவப்பாகத் தெரியும், தெளிவாகவே இருப்பது கரு இல்லாதது, எடுத்துவிடலாம். குஞ்சு வேண்டாமென்றால் அடைக்கோழியைக் கூட்டைவிட்டு வேறிடத்தில் சில நாள் கட்டிவைத்தால் அடை தெளியும்.

முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே தேவையில்லை. வீடுகள் நெருக்கமாக இருக்கும் தெருவில் விடியற்காலைக் கூவல் சண்டையில் முடியும். முதலில் நாலு பெட்டை வாங்குங்கள், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும், அப்புறம் மீதி நாலு.