முட்டை ஓடு உரிய மறுப்பது ஏன்?

கேள்வி: வீட்டில் நான்கு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். காலையில் இட்ட முட்டையை மதியமே அவித்துக் குழம்பில் போட்டால், ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவும் பிய்ந்து வந்துவிடுகிறது. கடை முட்டையோ வழவழவென்று உரிகிறது. என் கைப்பக்குவத்தில் குறையா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: உங்கள் கையில் குறை ஏதும் இல்லை, அம்மா. முட்டை மிகவும் புதிதாக இருப்பதுதான் காரணம். அன்று இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமில வாயு நிறைய கரைந்திருக்கும். அந்த நிலையில் அவித்தால் வெள்ளைக்கரு ஓட்டின் உட்புறச் சவ்வை இறுகப் பற்றிக்கொள்கிறது. நாளாக ஆக அந்த வாயு ஓட்டிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுவதால் பிடிப்பு தளர்கிறது. கடை முட்டை உங்கள் கைக்கு வருவதற்குள் சில நாட்கள் கழிந்துவிடுவதால்தான் அது எளிதில் உரிகிறது. ஆகவே அவிப்பதற்கென்று எடுத்துவைக்கும் முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரமாவது வைத்திருங்கள். இட்ட தேதியை ஓட்டின் மீது பென்சிலால் எழுதிவைத்தால் குழப்பம் வராது.

அடுத்ததாக, பெரும்பாலான வீடுகளில் பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பைப் பற்றவைக்கிறோம். உரிக்கும்போது படும் பாட்டுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். மெல்ல மெல்லச் சூடேறும் வெள்ளைக்கரு சவ்வோடு ஒட்டியபடியே உறைகிறது. தளதளவென்று கொதிக்கும் நீரில் இட்டாலோ சட்டென்று இறுகிச் சவ்வை விட்டு விலகி நிற்கிறது. முட்டையைப் பெட்டியிலிருந்து முன்கூட்டியே எடுத்து வெளியே வைத்து, குளிர்ச்சி நீங்கிய பின் குழிக்கரண்டியில் ஏந்தி ஒவ்வொன்றாக இறக்குங்கள். சிறிய நாட்டுக்கோழி முட்டைக்குப் பத்து நிமிடம் போதும். இட்லிப் பானையில் ஆவி வந்தபின் தட்டில் அடுக்கிப் பன்னிரண்டு நிமிடம் வேகவைப்பது இதைவிட நல்லது என்பேன். முட்டைகள் ஒன்றோடொன்று மோதிக் கீறல் விடுவதும் இதில் குறைவு.

வெந்ததும் உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். பிறகு அகன்ற முனையைத் தட்டுங்கள். அங்கேதான் காற்றறை இருக்கிறது. ஓடு உடைந்ததும் சிறு பள்ளம் தெரியும். உள்ளங்கையின் கீழ் வைத்து இலேசாக உருட்டி, ஓடு முழுவதும் நொறுங்கியபின், அந்தப் பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டுக்கு அடியில் மட்டுமல்லாமல் சவ்வுக்கும் அடியில் நுழைத்துத் தண்ணீருக்குள்ளேயே உரித்தால், நீர் இடையில் புகுந்து ஓடு சவ்வோடு நாடாவைப் போலக் கழன்றுவரும்.

உப்புப் போட்டால் எளிதில் உரியும் என்பார்கள்; என் அனுபவத்தில் அதனால் பயன் இல்லை. கீறல் விட்ட முட்டையிலிருந்து வழியும் வெள்ளைக்கருவைச் சீக்கிரம் உறையவைக்க மட்டுமே அது உதவும்.

அன்றைய முட்டையை அன்றே குழம்பில் சேர்க்க விரும்பினால் அவிக்கவே வேண்டாம். கொதிக்கும் குழம்பில் உடைத்து ஊற்றி, கிளறாமல் மூடிவையுங்கள்.