சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறையில், கம்ப்யூட்டர் புரோகிராம்படி தானாக உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறேன். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். சந்திரயான்-3 இறங்கிய வீடியோவை என் மகன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். நேற்று கேட்டான், "அப்பா, இவங்க எல்லாரும் சும்மாதானே உக்காந்திருக்காங்க? அப்புறம் எதுக்குக் கை தட்டுறாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. லேண்டர் தானாகவே இறங்கியது என்றால் அந்த அறையில் அத்தனை பேருக்கு என்ன வேலை?

க., தாசரஹள்ளி

அன்புள்ள க.,

உங்கள் மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறான். 2023 ஆகஸ்ட் 23 மாலை, கடைசிப் பத்தொன்பது நிமிடம் அவர்கள் கையில் ஒன்றுமில்லை. நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து சேதி வந்து, நம் பதில் போய்ச்சேர இரண்டரை வினாடி ஆகும். இறங்க ஆரம்பிக்கும்போது விக்ரம் என்ற அந்த லேண்டரின் வேகமோ வினாடிக்குச் சுமார் 1.68 கிலோமீட்டர். "ஐயோ, சாயுதே" என்று இங்கே ஒருவர் பதறி விரலை அசைப்பதற்குள் அது நாலு கிலோமீட்டர் போயிருக்கும். அதனால் வேகம் அளப்பது, எஞ்சினைக் கூட்டிக் குறைப்பது, பள்ளமும் பாறையும் இல்லாத இடம் பார்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? புரோகிராம் போட்டு, ஜாப்பை மாட்டி, கதவைச் சாத்தி சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தியபின் நீங்களும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள். ஆனால் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு பட்டன் இருக்கிறது. விக்ரமை நடுவழியில் நிறுத்தினால் விழும். அன்று மனிதர்களுக்கு மிச்சமிருந்த பெரிய முடிவு, ஸ்டார்ட் கொடுக்கலாமா வேண்டாமா என்பதுதான். ஏதாவது சரியில்லை என்றால் 27-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கவும் யோசனை இருந்தது.

மற்ற வேலையெல்லாம் அதற்கு முந்தைய நாலு வருஷத்தில் நடந்தது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 லேண்டர் விழுந்தது அல்லவா? ஏன் என்று இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகத் தள்ளின. பிசகு சேர்ந்துகொண்டே போனது. அதைச் சரிக்கட்ட லேண்டர் சட்டென்று திரும்ப வேண்டும். அவ்வளவு வேகமாகத் திரும்ப மென்பொருள் விடவில்லை. இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். உங்கள் பாஷையில் டாலரன்ஸ், அதாவது பிசகலாம் என்று விடும் அளவு, ரொம்ப இறுக்கம்.

அடுத்த முறை இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகட்டினார்கள். நடு எஞ்சினை எடுத்தார்கள். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் ஒடியாத மாதிரி கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இருக்கிற நாலு எஞ்சினில் இரண்டு நின்றுபோனாலும் இறங்க வழி வைத்தார்கள். நம் வீட்டில் யாராவது 'அது உடைஞ்சா? இது நின்னா?' என்று கேட்டால் வாயைக் கழுவச் சொல்வார்கள். அந்தப் பேச்சையே முழுநேர வேலையாகச் செய்த கூட்டம் இது. எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது அதனால்தான், கைதட்டலால் அல்ல.

புதிதாக ஒரு கருவியும் சேர்த்தார்கள். லேசரை நிலாத் தரையில் அடித்து, திரும்பி வரும் ஒளி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகம் சொல்லும். போலீஸ்காரர் கையிலுள்ள ரேடார் துப்பாக்கியும் இதே டாப்ளர் தத்துவம்தான். அதைச் செய்தது லியோஸ் என்ற இஸ்ரோ ஆய்வகம். எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் பீன்யாவில். நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவை 1975-க்கு முன் பீன்யா ஷெட்டுகளில்தான் கட்டினார்கள். இடம் போதாமல் ஒரு கழிப்பறையையே தரவு வாங்கும் அறையாக மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மகன் வீடியோவில் பார்க்கிற அந்த அறையும் பீன்யாதான். ஒருநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வெளிக்கேட்டையாவது காட்டுங்கள்.

அப்புறம், நாமக்கல் என்கிறீர்கள். நிலா மண்ணைப் போலிருக்கிறது என்று சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையை அரைத்துத்தான் சோதனைக்கு வாங்கிப்போனார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அவனுக்கு ஒரு கல் பொறுக்கிக் கொடுங்கள்.