வேலைக்காரிக்கு அங்க என்ன வேலை?

கேள்வி: ரெண்டு பொண்ணுங்க சேர்ந்து ஒருத்தன் கழுத்த அறுக்குற ஒரு பழைய பெயிண்டிங் பார்த்தேன், வரைஞ்சதும் ஒரு பொண்ணுதானாம். தனக்கு நடந்த கொடுமைக்குப் பழிவாங்கத்தான் அப்படி வரைஞ்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவங்க பேரு ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி, 1593ல ரோம்ல பொறந்தவங்க. கொடுமை நடந்தது நிஜம். 1611ல அகொஸ்தினோ தாஸ்ஸிங்கிற ஓவியர் அவங்கள பலாத்காரம் பண்ணினான், அடுத்த வருஷம் கேஸ் நடந்தப்போ அவங்க சொல்றது உண்மையான்னு பார்க்க, தூரிகை பிடிக்கிற விரல்லயே கயித்தக் கட்டி இறுக்கினாங்க (குற்றவாளிக்கு இல்ல, இவங்களுக்கு!). அந்தக் கேஸை ஒட்டித்தான், பைபிள் கதையில வர்ற யூதித்ங்கிற பொண்ணு ஹோலோபெர்னஸ்ங்கிற எதிரித் தளபதியோட கழுத்த அறுக்குற மாதிரி அவங்க வரைஞ்ச முதல் படம் வருது, இப்போ நேப்பிள்ஸ்ல இருக்கு. அதனால கோபமே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா வெறும் பழின்னு முடிச்சுட்டா அவங்க தொழில் தெரிஞ்சவங்கங்கிறதே காணாமப் போயிடுது.

அந்த ரெண்டு பொண்ணுங்கள்ல இன்னொருத்தி, யூதித்தோட வேலைக்காரி, அவளக் கொஞ்சம் கவனிங்க. பைபிள் கதையில யூதித் அவள வெளியவே நிக்கச் சொல்லிட்டுத்தான் உள்ள போறா. கரவாஜியோங்கிற இத்தாலிய ஓவியர் 1599 வாக்குல இதே காட்சிய வரைஞ்சப்போ அவள உள்ள கொண்டு வந்தாரு, ஆனா வயசான கிழவியா, தலைய வாங்கிக்கத் துணியோட ஓரமா நிக்க வச்சாரு, அவரோட யூதித்தும் ஏதோ அருவருப்புல உடம்ப பின்னால இழுத்துக்கிட்டு அறுக்குறா. ஆர்ட்டெமிசியா படத்துல வேலைக்காரி இளவயசு, மேல ஏறி முழு பலத்தோட அவன அமுக்குறா, அவன் முஷ்டி அவ மேல முட்டுது, யூதித் சட்டைக் கைய மேல ஏத்திவிட்டுக்கிட்டு ஒரு கையால தலைய அழுத்தி இன்னொரு கையால வாள இழுக்குறா. ஒரு தளபதிய ஒத்தப் பொண்ணால எப்படி அடக்க முடியும்னு யோசிச்சு வரைஞ்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குப் பெரிய விஷயமா தெரியுது. 1620 வாக்குல வரைஞ்ச ரெண்டாவது படம் ஃபுளோரன்ஸ் உஃபிஸி மியூசியத்துல இருக்கு, அதுல ரத்தம் பீய்ச்சி அடிச்சு யூதித் நெஞ்சு மேலயே தெறிக்குது.

கேள்வி: எங்க வீட்டு பைபிள்ல இந்தக் கதையே இல்லையே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்க புராட்டஸ்டன்ட்டா இருப்பீங்க. யூதித்து புத்தகம் கத்தோலிக்க பைபிள்ல இருக்கும், தெரிஞ்சவங்க வீட்ல வாங்கி 13ஆம் அதிகாரம் படிங்க. ரெண்டே வெட்டுதான், அப்புறம் தலைய சாப்பாட்டுப் பையில போட்டுக்கிட்டு கிளம்பிடுறாங்க.