அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

பெரம்பூரிலிருந்து 44 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் தந்தைக்கு 63 வயதில் புராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது; புற்றுநோய் என்று வீட்டில் சொல்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் நடந்த முகாமில் எனக்கு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) 4.6 என்று வந்தது. உடனே பயாப்சி (ஊசியால் திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) செய்ய வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?”

முதலில் உங்கள் தந்தையின் பயாப்சி அறிக்கையைத் தேடி எடுங்கள். வயதான ஆண்களுக்கு, சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள இந்த புராஸ்டேட் சுரப்பி பெருப்பது சகஜம். அதைச் சிறுநீர்ப் பாதை வழியே சுரண்டி எடுத்திருந்தாலும் நம் வீடுகளில் “புராஸ்டேட் ஆபரேஷன்” என்றுதான் சொல்வார்கள், பத்து வருடத்தில் உறவினர் வாயில் அதுவே புற்றுநோயாகிவிடும். வெறும் வீக்கம்தான் என்றால் அதனால் உங்களுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகமாகாது. என்னிடம் வருபவர்கள் மஞ்சள் பையில் மருந்துக்கடை ரசீது வரை கொண்டுவருகிறார்கள், அந்த ஒரு தாளைத் தவிர. பழைய பதிவைத் தேடித் தரச் சொன்னால் மருத்துவமனைகளும் நாளைக்கு வா என்று அலைக்கழிக்கின்றன.

அறிக்கையில் புற்றுநோய் என்றே இருந்தால், உங்களுக்கான ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. உடன்பிறந்த சகோதரருக்கும் இருந்தால் அது இன்னும் கூடும். தாய்வழியில் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

44 வயதில் 4.6 என்பதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஊசி குத்தவும் கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தாலும் இந்த எண் ஏறும். தொற்று இருந்திருந்தால் ஆறு வாரம் கழித்து, இல்லையென்றால் சில வாரங்களில், நல்ல ஆய்வகத்தில் மீண்டும் பாருங்கள். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிளும் தாம்பத்தியமும் வேண்டாம். அப்போதும் அதிகமாக இருந்தால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் அதன் பிறகே பயாப்சி. முகாம் மேசையிலேயே மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட சீட்டை நீட்டி நாள் குறிக்கிறவர், பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர். இவர்களைக் கேட்பார் யாருமில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன். முடி உதிர்வுக்காக ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? வழுக்கைக்குத் தரும் சிறிய அளவாக இருந்தாலும், சில மாதங்களில் அது பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துவிடும். அப்படியானால் உங்கள் 4.6 உண்மையில் 9-ஐ ஒட்டிய எண், மறுபரிசோதனையில் 2 என்று வந்தாலும் நிம்மதி கொள்ள முடியாது. வீக்கத்துக்குத் தரும் டூட்டாஸ்டரைடும் இதே வேலையைச் செய்யும். “வேறு மாத்திரை உண்டா” என்று கேட்டால் முடிக்கான மாத்திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப் பாதை நிபுணரிடம்) போகும்போது தந்தையின் அறிக்கையோடு அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.