தரங்கம்பாடி யாருடைய ஊர்?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைக் கல்லூரி நாட்களிலிருந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன்.

அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பக்கத்துக் கோயிலில் திருப்பாவை போட்டார்கள். விழிப்பு வந்துவிட்டது. என்னவோ கடலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கும்பகோணம், மயிலாடுதுறை என்று பஸ் மாறிப் பத்து மணிக்கெல்லாம் தரங்கம்பாடியில் இருந்தேன். பனி விலகி வெயில் இதமாக இருந்தது. நுழைவாயிலைத் தாண்டி ராஜா தெருவில் நடந்தபோது ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊருக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. டச்சுக்காரர் கட்டிய கோட்டையைப் பார்த்தேன். இந்தியாவின் முதல் அச்சகம் இங்கேதான் இருந்தது என்று அங்கே ஒருவர் சொன்னார். கடலோரம் ஒரு கோயில் இருந்தது. நடை சாத்தியிருந்ததால் உள்ளே போகவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் ஊரே முடிந்துவிட்டது.

அப்புறம் கரையோரமாக நடந்தேன். படகுகள் எல்லாம் கரையிலேயே நின்றன. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவத்தி, பூ, சட்டம் போட்ட படங்கள். அப்போதுதான் அன்று டிசம்பர் 26 என்பதே எனக்கு உறைத்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த செல்போனைப் பைக்குள் போட்டேன். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகையாக வந்தது.

ஒன்றும் படிக்காமல், தேதியைக்கூடப் பார்க்காமல் அப்படி ஓர் ஊருக்குப் போனது தப்பா ஐயா? இதுபோன்ற ஊர்களுக்குப் போவதற்கு முன் என்ன தயாரிப்பு வேண்டும்?

அன்புடன்,
கா.

*

அன்புள்ள கா.,

தப்பில்லை. தோன்றியபோது கிளம்புகிறவர்களால்தான் இந்த நாட்டில் ஊர்கள் பார்க்கப்படுகின்றன. திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் திட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். தயாரிப்பு என்று நீங்கள் கேட்பதற்கு என்னிடம் பெரிய பதில் கிடையாது. குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பதைப் போய் வந்தபிறகு படித்தால்தான் மனசில் நிற்கும்.

ஆனால் அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் வந்தீர்களே, அது தப்பு. அந்தக் கரையில் டிசம்பர் 26 அன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. 2004 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பகுதி அந்த ஒரு மாவட்டம்தான். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடியும் அப்போது அதில் சேர்ந்ததுதான். அன்று யாரைப் பறிகொடுத்தாரோ, அந்த நாளில் வெளியூர்ப் பெண் ஒருத்தி வெறும் வயிற்றோடு நிற்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. "இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் அழுகை நல்ல அழுகை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் துக்க வீட்டில் நம்முடைய கூச்சத்துக்கு அவ்வளவு இடம் கொடுக்கக் கூடாது அம்மா. படம் எடுத்ததைப் பற்றி வருந்தாதீர்கள். அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

டச்சுக்காரர் இல்லை, டேனிஷ்காரர். டென்மார்க். அச்சகம் பற்றி உங்களிடம் சொன்னவர் சொன்னதும் சரியில்லை. கோவாவில் 1556-இலேயே அச்சு வந்துவிட்டது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் புத்தகமே போட்டிருக்கிறார்கள். தரங்கம்பாடிக்கு 1712-இல்தான் இயந்திரம் வந்தது. லண்டனிலிருந்து அனுப்பியபோது வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மீட்டு அனுப்பினால், கூட வந்த அச்சுக்காரர் பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் தனியாக வந்து சேர்ந்தது. இந்தக் கதையை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

இன்று எழுத உட்கார்ந்தது உங்களுடைய வேறொரு வரிக்காக. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊர் மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வரியை நான் சுற்றுலாத் துண்டறிக்கைகளில் பார்க்கிறேன், யூடியூபில் கேட்கிறேன், கல்யாணப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் வாயிலும் கேட்கிறேன். சில மாதங்களாக இது என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. இப்போது கணக்கு வாத்தியார் ஒருவரும் அதையே எழுதிவிட்டார். இனி சும்மா இருக்க முடியாது.

நடை சாத்தியிருந்தது என்று ஒரே வரியில் தாண்டிப் போனீர்களே, அது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1305-ஐ ஒட்டி எழுந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊருக்குச் சடங்கன்பாடி என்று பெயர், குலசேகரன்பட்டினம் என்றும் பெயர். பட்டினம் என்று அரசன் பெயரால் ஓர் இடத்தை அழைத்தால் அங்கே கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, வரி கட்டினார்கள் என்று பொருள். டேனிஷ்காரர் இந்தக் கரைக்கு வர அதற்குப் பிறகு முந்நூறு வருடத்துக்கு மேல் ஆனது. கடல் அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இப்போது எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கோயிலுக்கும் அலைக்கும் நடுவில் பாறாங்கற்கள் கிடந்ததைக் கவனித்திருப்பீர்கள். நடை சாத்தியிருந்தால் என்ன, வெளிச்சுவரைச் சுற்றி வர யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

1620-இல் ஓவ் ஜெட்டே என்ற தளபதி வந்து இறங்கினார். கோட்டை கட்ட இடம் கொடுத்தவர் தஞ்சையின் இரகுநாத நாயக்கர். உங்கள் ஊர்க்காரர். டென்மார்க் ராஜாவுக்கு அவர் எழுதிய கடிதம் பொன்னேட்டில் பொறித்தது. எழுதிய மொழி தமிழ், கையொப்பம் தெலுங்கில். இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வருடா வருடம் தஞ்சாவூர் அரசுக்குப் பணம் கட்டித்தான் டேனிஷ்காரர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் குடக்கூலிக்கு வந்தவர்கள். குடியிருந்தவர் வாசல் கதவுக்கு அழகாக வண்ணம் அடித்தார் என்பதற்காக வீட்டை அவர் பெயரில் எழுதி வைப்பார்களா?

இன்னொன்றையும் கேளுங்கள். வந்து இருபது வருடத்தில் டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவதே நின்றுவிட்டது. அங்கே போர், பணமில்லை, அவர்களுடைய வணிகக் கம்பெனி நொடித்துப்போனது. ஏறத்தாழ முப்பது வருடம், 1669 வரை, ஒரு கப்பல்கூட வரவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடினார்கள். ஒரு கட்டத்தில் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே என்று ஒரே ஒரு டேனிஷ்காரர்தான் பாக்கி. ஒற்றை ஆள் ஒரு கோட்டையை எப்படி வைத்திருக்க முடியும்? சோறு யார் போட்டது, காவல் யார் நின்றது, சரக்கை யார் தூக்கினார்கள்? அந்த ஊர்க்காரர்கள்தான். புத்தகங்களில் கோங்ஸ்பாக்கேயின் விசுவாசத்தைப் புகழ்ந்து எழுதுகிறார்கள், புகழட்டும். சோறு போட்டவர்கள் பேரில் ஒரு கல்லாவது நட்டிருக்க வேண்டாமா?

பாதிரியார் சீகன்பால்குவின் கதையிலும் இதுவேதான் நடக்கிறது. 1706 ஜூலை 9-ஆம் தேதி வந்து இறங்கினார். இறங்கிய இடத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது, சிலை இருக்கிறது. இருக்க வேண்டியதுதான், அவர் பெரிய மனிதர். தமிழ் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1708-இலேயே அவற்றுக்கு அட்டவணை எழுதினார், திருக்குறள் உட்பட. டேனிஷ் கவர்னர் அவரைப் பிடித்து அந்தக் கோட்டையிலேயே நாலு மாதம் அடைத்து வைத்தார். அவ்வளவையும் தாங்கினார். ஆனால் அவருக்குத் தமிழ் எப்படி வந்தது? எழுபது வயதுத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் தன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தினார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித்தான் அந்த ஜெர்மன்காரர் தமிழ் படித்தார்.

மணலில் எழுதுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் அத்தையைப் பொறையாற்றில் கொடுத்திருந்தது. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு அப்போது ரயில் ஓடியது. 1986-இல் அதை நிறுத்திவிட்டார்கள். மார்கழி லீவுக்கு அந்த ரயிலில்தான் போவோம். அத்தையின் மாமனார் ஓய்வு பெற்ற வாத்தியார். சாயங்காலம் எங்களைத் தரங்கம்பாடிக் கரைக்குக் கூட்டிப் போவார். வாடைக்காற்றில் பல் கிட்டும், கடல் கலங்கிச் செம்மண் நிறத்தில் கிடக்கும். அலை நனைத்த ஈர மணலில் எழுதுவது சுலபம், கோடு அப்படியே நிற்கும். அவர் விடமாட்டார். மேலே காய்ந்த மணலுக்கு வரச் சொல்வார். காய்ந்த மணலில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் சரிந்து மூடிக்கொள்ளும். விரலை ஆழமாக ஊன்றி, நிதானமாக இழுக்க வேண்டும். 'ழ' எழுதும்போது கீழ்ச்சுழி வருவதற்குள் மேல்சுழி தூர்ந்துவிடும். மறுபடி அழிப்பார், மறுபடி எழுதச் சொல்வார். ஆள்காட்டி விரல் நுனி தோல் தேய்ந்து சிவந்து ராத்திரி ரசஞ்சோறு பிசையும்போது எரியும். "எரியுதா? அப்ப மறக்காது" என்பார்.

எனக்கு அப்போது ஏழு வயது, சீகன்பால்கு இருபதுகளில் இருந்தவர். அவர் விரலும் எரிந்திருக்கும். அந்த எழுபது வயதுக் கிழவரும் விடாமல் அழித்து அழித்து எழுத வைத்திருப்பார். அந்த விரல் பழகியபிறகுதான் அட்டவணை வந்தது, அகராதி வந்தது, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தரங்கம்பாடியில் எத்தனையோ முறை தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். அந்த வாத்தியாருக்கு ஒரு கல், ஒரு பலகை, பள்ளிக்கூடச் சுவரில் ஒரு வரி என்று எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நீங்களும் வாத்தியார்தானே? உங்களுக்குக் கோபம் வர வேண்டாமா?

சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவரை அலெப்பா என்று மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. போர்ச்சுகீசும் ஜெர்மனும் தெரிந்த தமிழர். 1712 முதல் 1714 வரை பாதிரியார்கள் கேள்வி கேட்டு எழுத, தமிழர்கள் பதில் எழுதினார்கள். சாமி, சாதி, வைத்தியம், கல்யாணம், பாவம், மோட்சம் என்று எல்லாவற்றையும் பற்றி. சில இடங்களில் திருப்பிக் கேள்வியும் கேட்டார்கள். அந்தக் கடிதங்கள் ஜெர்மன் மொழிக்குப் போய் ஹாலே நகரில் அச்சாயின. அவற்றில் பலவற்றை எழுதியவர் இந்த அலெப்பாதான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் ஆள் ஒருவர் ஐரோப்பாவோடு சரிக்குச் சரி வாதாடிய ஊர் அது. அதைப் போய் ஐரோப்பா மாதிரி என்கிறீர்களே.

அழகை அழகு என்று சொன்னதற்காகவா இவ்வளவு திட்டு என்று நினைக்காதீர்கள். 1792-இல் கட்டிய அந்த நுழைவாயில் எனக்கும் பிடிக்கும். 1718-இன் புதிய எருசலேம் தேவாலயத்துக்குள் போனால் எனக்கும் வெளியே வர மனசிருக்காது. ஆனால் உங்கள் கால் ராஜா தெருவிலேயே நின்றுவிட்டது. கோல்டுஸ்மித் தெருப் பக்கம் போனீர்களா? திண்ணையும் மரத்தூணும் நாட்டு ஓடுமாக இருக்கும் வீடுகள். சுனாமிக்குப் பிறகு அவற்றைப் பழைய முறையில் செப்பனிட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் ஒன்றரை மணி நேரத்தில் ஊர் முடிந்துவிட்டது என்று எழுதுவதற்கு உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பொங்கல் விடுமுறையில் மறுபடி போங்கள். முதலில் கரைக்குப் போய் அந்த அம்மாவைத் தேடிப் பிடியுங்கள். ஊர் சின்னது, விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். அவர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்.

பிறகு எப்போதாவது உங்கள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போங்கள். மே மாதம் வேண்டாம், வெயில் கொன்றுவிடும். தை, மாசிதான் சரி. பஸ்ஸை நேரே கோயில் பக்கம் விடச் சொல்லுங்கள், கோட்டை கடைசியில் இருக்கட்டும். 1305, 1620, 1845 என்று மூன்று எண்களைக் கொடுத்து, கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1845-இல்தான் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் சில வருடம் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்தால்கூட டேனிஷ்காரர்கள் இருந்தது 225 வருடம்தான். கோயில் கட்டியதிலிருந்து அவர்கள் வந்து இறங்கும்வரை ஊர் தானாக நடந்தது 315 வருடம். அதற்குப் பிறகு பிள்ளைகள் கோட்டைக்குள் ஓடி ஆடட்டும்.

அன்புடன்